சபூர்தீன் நானாவின் பதிலாள்

சின்னக் குற்றம் செய்தவர்களை மறியலுக்கு அனுப்பாமல் நீதிமன்றம் பொதுவேலைக்கு அனுப்பும். அவர்கள் வருகிறார்களா என்று வாசலைப் பார்த்தபடி நிற்பதுதான் என் உத்தியோகம். ஆட்களை வைத்து வேலை வாங்குகிற எவருக்கும் என் வயிற்றெரிச்சல் சொல்லாமலே விளங்கும்.

விளக்குமாறு

எத்தாளை ஊர் மீனவர் சபூர்தீன் நானா, தடைசெய்த தங்கூசி வலையோடு கடலில் பிடிபட்டவர். ஆஸ்பத்திரி வளவைக் கூட்டவேண்டும் என்று தீர்ப்பு. ஒரு நாள் தவறினாலும் மறியல்தான் என்று படித்துப் படித்துச் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே விளக்குமாற்றை வாங்கி உதறினார். கட்டு அவிழ்ந்து ஈர்க்கெல்லாம் கொட்டியது. குந்தியிருந்து இறுக்கிக் கட்டிவிட்டு என்னைக் கேட்டார்: "மிஸ், இதக் கட்டினவன ஏன் இன்னும் புடிக்கல்ல?"

புதுமுகம்

அடுத்த கிழமை போனால் வளவு பளிச்சென்று இருந்தது. கூட்டிக்கொண்டு நின்றவர்தான் வேறு ஆள். "நான் சபூர்தீன்ட மச்சான்" என்றார். உள்ளதை எழுதினால் நானா உள்ளே. மறைத்தால் என் உத்தியோகம் போய்விடும்.

பின்னேரம் கரைக்கே போய்க் கத்தினேன். மீன் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, என்ன பிழை என்று உண்மையிலேயே விளங்காமல் பார்த்தார் மனுசன். "கடலுக்குப் போற போட்டுக்கு ஒருத்தன் வராட்டி பதிலுக்கு ஆள் அனுப்புறதுதானே மிஸ் எங்கட ஒழுங்கு? அனுப்பாம விட்டாத்தான் பிழை."

வழக்கு நாள்

நடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தேன். நானாவின் மனைவி நிறைமாத வயிற்றோடு பின்வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

நீதவான் வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். மச்சான் எங்கே என்று கேட்டார். கதவடியில் நின்ற மச்சான் கையை உயர்த்தினார். ஒருவரும் சிரிக்கத் துணியவில்லை.

"தண்டனைக்குப் பதிலாள் கிடையாது. அந்த நாளை நீரே திரும்பக் கூட்டவேணும். இன்னொரு தரம் நடந்தால் மறியல்" என்றார் நீதவான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நானா நன்றி சொல்லிவிட்டு வருவார் என்று பார்த்தால், அங்கேயே நின்று தலையைச் சொறிந்தார்.

"ஓம் ஐயா. அப்ப மச்சான் கூட்டின நாள அவன்ட பேர்லயே வெச்சிக்கோங்க. அவனும் தங்கூசிதான் போடுறான்."

அதற்குப் பிறகு நானா ஒரு நாளும் தவறவில்லை. பதிலுக்கு அனுப்ப மச்சான் ஊரில் இருந்தால்தானே!