உலர்கூடத்துக்குப் பின்னால் ஒரு ரீங்காரம்

போன மாசி மாதம், உச்சி வெயில் நேரத்தில், கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே ஒரு மீனவக் குப்பத்தில் நடந்தது இது. உதவித் திட்டம் வந்த பிறகு ஒரு சங்கம் எப்படி மாறியிருக்கிறது என்று அளந்து சொல்வது என் உத்தியோகம். தையற்காரர் டேப்பை எடுத்தாலே வயிற்றை உள்ளே இழுத்துப் பொய் அளவு கொடுக்கிறவன் நான். எனக்கு இந்த வேலையைக் கொடுத்தவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

அங்கே கருவாடு போடும் பெண்களின் சங்கத்துக்கு, மீன் உலர்த்த ஒரு கூடம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். செங்கல்பட்டிலிருந்து பஸ் மாறிப் போய் இறங்கினேன். தெருவில் ஓர் ஆள் இல்லை. கூடத்துக்குள் நுழைந்தேன். கருவாடு போடுகிற இடத்தில் கருவாட்டு வாசனையே இல்லை. ஒரு செதில் இல்லை, ஓர் ஈ இல்லை. ஒரே நீலச் சேலையில் பெண்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அசையவில்லை. எங்கிருந்தோ 'ங்ங்' என்று ஒரு ரீங்காரம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

திட்டத்தால் என்ன பயன் என்று கேட்டேன். "ஒத்துமை வந்துச்சு, தைரியம் வந்துச்சு" என்று ஒரே குரலில் சொன்னார்கள். அடுத்த கேள்விக்கு வாயைத் திறப்பதற்குள் பதில் வந்துவிட்டது. அதற்கடுத்ததற்கும். நான் மனதில் வைத்திருந்த கேள்விகள், அதே வரிசையில். பேனாவைத் தவறவிட்டதுபோல் குனிந்து, இவர்களுக்குக் கால் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. ஆனால் முகம் என் பக்கம், கால் மட்டும் பின்கதவுப் பக்கம்.

"பின்னால என்னம்மா சத்தம்?" என்றேன்.

"ஈ சார்" என்றார் தலைவி. "காலைல வந்த நெத்திலி குவிஞ்சி கெடக்குது."

"காயப் போடலையா?"

"நீ வர்றன்னாங்க. கூடத்த கழுவி வுட்டுட்டு குந்திகினு கீறோம். உன்னாட்டம் எத்தினி பேரு இதே கேள்வி கேட்டுட்டாங்க. நீ கேக்கறதுக்குள்ளயே சொல்லிட்டா சீக்கிரம் கெளம்புவன்னு பாத்தோம்."

மீன் அழுகுதே, போங்கம்மா என்றேன். ஒருவரும் எழவில்லை.

"போன தபா ஒரு மேடம் இப்டித்தான் போவச் சொல்லுச்சு. போனோம். சங்கத்துல கட்டுப்பாடு இல்லன்னு எழுதிட்டு பூடுச்சு."

பேய் என்று யாரைப் பார்த்துப் பயந்தேனோ, அவர்கள் என்னைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் நானே பின்பக்கம் ஓடி, ஒரு கூடை நெத்திலியை அள்ளி மணலில் கொட்டினேன்.

"அய்ய, வலை மேல போடு சார். உன்னாண்ட குடுத்தா காக்காகூட துன்னாது" என்று ஒருத்தி எழுந்து வந்தாள். அப்போதுதான் முதல் சிரிப்பு கேட்டது. வரிசை கலைந்தது. எல்லோருமாகப் பரப்பினோம். மேலே கிடந்தது தேறியது. அடியில் கிடந்தது கோழித் தீவனத்துக்குத்தான் போகும் என்றார்கள்.

அன்றைக்கு அந்தச் சங்கத்தில் நான் கண்ணால் கண்ட ஒரே பாதிப்பு நான்தான். அறிக்கையிலும் அப்படியே எழுதினேன். மேலதிகாரி அதை நகைச்சுவை என்று நினைத்து அடித்துவிட்டார்.

இப்போதும் ஒரு சங்கத்துக்குள் நுழைந்து எல்லாம் ஒழுங்காக இருந்தால், காதுக்குள் அந்த ரீங்காரம் கேட்கிறது. கேள்வியைத் தள்ளி வைத்துவிட்டு, பின்பக்கம் எனக்காக எது அழுகிக்கொண்டிருக்கிறது என்று முதலில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.