முகூர்த்த மாடியில் மல்லிகா இல்லை

போன வாரம் அக்காவும் நானும் அவள் மகளைக் கூட்டிக்கொண்டு முகூர்த்தப் புடவை எடுக்கக் காஞ்சிபுரம் போனோம். எங்கள் வீட்டுக் கல்யாணம் எல்லாவற்றுக்கும் அதே கடை, அதே சேல்ஸ்வுமன் மல்லிகா. பொண்ணு முகத்தைப் பார்த்தே கலர் சொல்லிவிடுவாள்.

முகூர்த்தப் புடவை விற்கிற மாடியில் அவளைக் காணோம். கேட்டால் ஆளாளுக்கு மழுப்பினார்கள். பாத்ரூம் தேடிக் கீழே இறங்கினேன்... குடோனில் உட்கார்ந்து புடவை மடித்துக்கொண்டிருந்தாள்.

“வூட்டுக்காரர் தவறி ஆறு மாசம் ஆவுதுக்கா. காரியம் முடிஞ்சு வந்தேன், இனிமே இங்க உக்காருன்னுட்டாங்க. பதினாலு வருஷம் மாடியில நின்னவ நான். திரும்ப எப்ப கூப்புடுவாங்கன்னு பாத்துக்கினே இருக்கேன்.”

அவள் மடித்ததெல்லாம் மாடிக்குப் போகிற முகூர்த்தப் புடவைகள். அதாவது, அவள் கை படலாம். முகம்தான் தெரியக்கூடாது. என்ன நியாயமோ, போங்கள்.

நேராக முதலாளியிடம் போனேன். நெற்றி நிறைய விபூதி. நிஜமாகவே நல்ல மனுஷர்.

“அம்பாள் பாதத்துல வெச்சு எடுத்துக்கினு வந்துதாம்மா இங்க முகூர்த்தப் புடவையே விக்கறேன். அது என் நம்பிக்கை. அவங்கள வேலைய வுட்டு அனுப்பலியே?”

“உங்க நம்பிக்கை உங்க பூஜை ரூம்ல இருக்கட்டும் சார். அவங்க வேலையில ஏன் கை வைக்குது? சட்டம்னு ஒண்ணு இருக்குது.”

எந்தச் சட்டம் என்று கேட்டிருந்தால் முழித்திருப்பேன். அவர் கேட்கவில்லை. என் பின்னாலேயே வந்து நின்ற அக்கா பக்கம் திரும்பினார்.

“பொண்ணப் பெத்தவங்க நீங்க சொல்லுங்கம்மா. மல்லிகாவ இப்பவே கூப்புடறேன். அவங்களே உங்க பொண்ணு தோள்ல புடவைய போடட்டும். சரியா?”

அக்கா தரையைப் பார்த்தாள். “நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல எதுக்குடி வம்பு?” என்றாள் என்னிடம்.

நான் என்ன செய்தேன்? பெண்ணுரிமை என்று இதே பக்கத்தில் எத்தனை வாரம் எழுதியிருப்பேன்... அந்த நிமிஷம், கல்யாணம் நல்லபடியாக நடக்கணுமே என்று எனக்கும் பயம் வந்தது. வெட்கமாக இருக்கிறது. வாயை மூடிக்கொண்டேன்.

புடவை எடுத்தாயிற்று. கிளம்பும்போது மல்லிகா குடோன் வாசலுக்கு வந்தாள்.

“பேசுனீங்களாக்கா? என்னா சொன்னாரு?”

“யோசிக்கறேன்னாரும்மா.”

“அப்ப தை முகூர்த்தத்துக்குள்ள மேல கூப்புட்டுருவாருக்கா” என்று சிரித்தாள்.

கூப்பிடட்டுமா என்று அவர் எங்களிடம் கேட்டதை நான் சொல்லவில்லை.