மகள் வரைக்கும் நாற்பத்தொரு நட்சத்திரம்

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். பதினான்கு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்று, உள்ளே நாலு பேர் கூச்சல் போட்டால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். "பயப்படாதீங்க, காத்து வரும், மூச்சு முட்டாது, நான் வந்துட்டேன்" என்று கதவுக்கு வெளியே நின்று அவன் பேசுகிற பேச்சில், அழுகிறவர்கள்கூட அழுகையை நிறுத்திவிடுவார்களாம். ஊராருக்கு இத்தனை பொறுமை காட்டுகிறவனுக்கு வீட்டு வாசலை மிதித்தால் மூக்குக்கு மேல் கோபம். எங்கள் குடும்ப ரத்தம் அப்படி. எனக்கும் உண்டு, நான் வாயோடு நிறுத்திக்கொள்வேன். அவன் நிறுத்தவில்லை.

அவன் மகளுக்குப் பதினான்கு வயது. அப்பாவும் மகளும் ஆளுக்கொரு கம்ப்யூட்டரில் ஒரு விண்வெளி விளையாட்டு ஆடுவார்கள். ஆளுக்கொரு ராஜ்ஜியம். ஆளில்லாத நட்சத்திரத்துக்குக் கப்பல் அனுப்பி, அங்கே ஒரு நிலையம் கட்டினால் அது நம்முடையது. படத்தில் நம் நிறத்துக்கு மாறிவிடும். அவனுக்கு நீலம், அவளுக்குப் பச்சை. பரீட்சையில் மார்க் குறைந்தது என்று ஒருநாள் அவளுடைய லேப்டாப்பைப் பிடுங்கிச் சுவரில் அடித்தான். அன்றைக்கு நான் அங்கேதான் இருந்தேன். சிதறிய கீபோர்டு எழுத்துக்கட்டைகளைக் கூட்டி அள்ளியது நான்தான். அந்த மாதமே அவன் பெண்டாட்டி மகளைக் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். இவன் நம்பரை இரண்டு பேருமே தடுத்துவிட்டு, புது நம்பருக்கு மாறிவிட்டார்கள்.

வீட்டைக் காலி செய்துவிட்டு என்னிடம் வந்தான். என் வீடு இரண்டு அறை. நான் பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கிறவள், தனிக்கட்டை. சாப்பாட்டு மேசையில் பாதியை அவனுடைய கம்ப்யூட்டர் பிடித்துக்கொண்டது.

"பொண்டாட்டி பிள்ளை போனதுக்கு அழாம, நட்சத்திரம் பிடிச்சுட்டு உட்கார்ந்திருக்கியே, நீயெல்லாம் மனுஷனாடா?" என்று கேட்டேன்.

"அக்கா, இதுல எல்லைக்கு எல்லை தொட்டுச்சுன்னா ரெண்டு ராஜ்ஜியமும் கடிதம் போட்டுக்கலாம். அதை யாராலயும் தடுக்க முடியாது. வேற வழியே இல்லக்கா எனக்கு."

படத்தில் நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவே நாற்பத்தொரு நட்சத்திரம் இருந்தது. ஒன்றைப் பிடிக்க நாலு நாள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. எனக்கு அவர்களுடைய புது நம்பர் தெரியும். தம்பி பெண்டாட்டியே கொடுத்தாள். "அண்ணி, உங்களை நம்பித் தர்றேன். அவர் கைக்குப் போச்சுன்னா அடுத்த நிமிஷமே மாத்திடுவேன்" என்றாள். நான் சத்தியம் செய்தேன். அவள் பக்கம் நியாயம் இருந்தது. அதனால் என் கைப்பைக்குள் அந்த நம்பரை வைத்துக்கொண்டே, அவன் ஒவ்வொரு நட்சத்திரமாகத் தாண்டுவதை ஐந்து மாதம் பார்த்துக்கொண்டிருந்தேன். கொடுமைதான். யார் இல்லையென்றது?

போகப்போக எனக்கும் அந்த எழவு விளையாட்டு பழகிவிட்டது. அவன் லிஃப்ட் குழிக்குள் இருந்துகொண்டு கிளினிக்குக்குப் போன் செய்வான். "அக்கா, மதியம் வீட்டுக்குப் போனா கப்பல் போய்ச் சேந்துடுச்சான்னு பாரு. சேந்திருந்தா நிலையம் கட்டற பட்டனை அமுக்கு." பல்வலியில் கன்னம் வீங்கி நிற்கிறவர்களை உட்காரச் சொல்லிவிட்டு நான் கப்பல் கதை கேட்டுக்கொண்டிருப்பேன். வேறு ராஜ்ஜியக்காரன் ஒருவன் வழியில் ஒரு நட்சத்திரத்தைப் பிடித்து உட்கார்ந்தபோது தம்பி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சுற்றிப் போக ஆறு நட்சத்திரம் கூடுதல். அசரவில்லை, சுற்றியே போனான்.

அவனைத் தாங்கிப் பிடித்தது ஒன்றுதான். பச்சையும் வளர்ந்துகொண்டே வந்தது.

"பாருக்கா, இந்த வாரம் மூணு பிடிச்சுட்டா! நம்ம பக்கமா வரா. அவங்கம்மா வேற கம்ப்யூட்டர் வாங்கிக் குடுத்திருப்பா. நான் வர்றது அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு."

அவன் முகத்தைப் பார்த்து எனக்கும் ஆசை வந்துவிட்டது. ஒருவேளை பிள்ளை மனம் இளகிவிட்டதோ என்று நம்பினேன்.

கடைசி நட்சத்திரத்துக்குக் கப்பல் சேர்ந்தது ஒரு சனிக்கிழமை காலை. அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரி லிஃப்ட் ஒன்று நின்று தொலைத்தது. ஓடினான். எழுதித் திருத்தி எழுதிய கடிதத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து வைத்துவிட்டுப் போனான். நாலே வரிதான். முதல் வரி, 'அப்பா பண்ணது தப்பு.'

நிலையத்தை அமுக்கினேன். நீலம் பச்சையைத் தொட்டது. கடிதம் போடுவதற்காக, எல்லை தொட்டபிறகே திறக்கக்கூடிய அவள் ராஜ்ஜியத்தின் பக்கத்தைத் திறந்தேன். மேலேயே எழுதியிருந்தது: 'ஆட்டக்காரர் நீண்ட நாளாக வரவில்லை. இந்த ராஜ்ஜியத்தை இயந்திரம் நடத்துகிறது. ஓராண்டுக்குள் ஆட்டக்காரர் திரும்பினால் அவரிடமே ஒப்படைக்கப்படும்.' கீழே, அவள் கடைசியாக ஆடிய தேதி. லேப்டாப் உடைவதற்கு முந்தின நாள்.

இத்தனை மாதம் அவனை நோக்கி வந்தது மகள் இல்லை. கணக்குப் போட்டுக் காலி இடத்தை நிரப்பும் மெஷின். நான் உட்கார்ந்திருக்கும்போதே அதனிடமிருந்து ஓர் அறிவிப்பும் வந்தது: 'எங்கள் எல்லையில் உங்கள் நிலையத்தை அச்சுறுத்தலாகக் கருதுகிறோம். போர் அறிவிக்கிறோம்.'

போன் அடித்தது. "அக்கா, தொட்டுச்சா?"

நேருக்கு நேர் கேட்டால் எனக்குப் பொய் சொல்ல வராது. எல்லாவற்றையும் சொன்னேன், தேதி உட்பட. பின்னால் யாரோ "இன்னும் எவ்வளவு நேரம்ப்பா?" என்று கத்துவது கேட்டது. "பத்து நிமிஷம் சார்" என்றான் தம்பி அவரிடம். பிறகு போனை வைத்துவிட்டான். கடிதத்தை நான் அனுப்பவில்லை.

போர் தொடங்கியது. தம்பியிடம் மெஷினைப்போல மூன்று மடங்கு கப்பல் இருந்தது. நினைத்தால் ஒரு வாரத்தில் பச்சையைத் துடைத்திருப்பான். ஒரு கப்பலைக்கூட நகர்த்தவில்லை. அவன் பிடித்த நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாக மாறின.

"திருப்பி அடிடா! வெறும் மெஷின்டா அது!" என்று கத்தினேன்.

"அவ என்னைக்காவது திறந்து பார்ப்பாக்கா. பார்க்கறப்ப, அப்பா இதையும் உடைச்சுட்டான்னு இருக்கக் கூடாது."

"எல்லாம் போயிட்டா நீயே ஆட்டத்துல இருக்க மாட்டியே!"

"இருந்து என்ன பண்ணப் போறேன்?"

வேலைக்குப் போனான், வந்தான், தட்டில் வைத்ததை அளைந்தான். குளிக்கச் சொன்னால் குளித்தான். அவனைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மூன்றாவது வாரம், கிளினிக்கில் ஆள் இல்லாத மதிய நேரத்தில் சத்தியமாவது ஒன்றாவது என்று அந்த நம்பரை அழுத்தினேன். மகள்தான் எடுத்தாள்.

"கண்ணு, அத்தை பேசறேன். நீங்க ஆடுவீங்களே, அந்த நட்சத்திர ஆட்டம், அதை ஒரே ஒரு தடவை திறந்து பாரும்மா. ஒரே தடவை."

"எதுல அத்தை திறக்கறது? என்கிட்ட கம்ப்யூட்டரே இல்ல. அவர்தானே உடைச்சார்? அவருக்குத் தெரியாதா?"

"அப்பா உன்கிட்ட வர்றதுக்குத்தான்..."

"எனக்கு அவர் குரலைக் கேட்டாலே கை கால் நடுங்குது அத்தை. ப்ளீஸ், நம்பரைக் குடுத்துடாதீங்க."

சரிம்மா என்றேன். நன்றாகப் படி என்றேன். வைத்தபிறகுதான் அழுகை வந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். தம்பி வேலை உடுப்போடு மேசை முன்னால் இருந்தான். ஒரே ஒரு நீலப் புள்ளி மிச்சமிருந்தது. அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டு மூடி மறைக்க என்னால் முடியவில்லை.

"பாப்பாகிட்ட பேசினேன்டா" என்றேன். "நம்பர் முதல்லேருந்தே என்கிட்ட இருக்கு. என்னை அடிக்கணும்னா அடி."

அவன் எழுந்திருக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"குரல் எப்படிக்கா இருக்கு?"

"பெரிய பொண்ணு குரல் ஆயிடுச்சு."

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளா?"

சொன்னேன். கை கால் நடுங்குகிறது என்பதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தான். என் கைப்பை அவனுக்கு எட்டும் தூரத்தில், நாற்காலியில் கிடந்தது. அன்றைக்கு அவன் வாயைத் திறந்து கேட்டிருந்தால் அந்த நம்பரைக் கொடுத்திருப்பேன். அவன் கேட்கவேயில்லை.