தடிப் புத்தகத்தில் அப்பா பேர்

அப்பு, உன்னோடு ரசாயன ஆராய்ச்சி செய்த வசந்தி இன்று என்னையும் அப்பாவையும் கிண்டியில் உங்கள் நூலகத்துக்கு அழைத்துப் போனாள்.

யார் கட்டுரையை யாரெல்லாம் எடுத்துக்காட்டி எழுதுகிறார்கள் என்று காட்டும் தடிப் புத்தகத்தை விரித்தாள். நீ எங்களை விட்டுப் போன பிறகும் உன் பீங்கான் கட்டுரையை ஜப்பான்காரர்கள்கூட எடுத்து எழுதுகிறார்களாம்.

ஆனால் அதில் சேகர் என்ற உன் பேர் இல்லை; மாணிக்கம் என்று அப்பா பேர்தான் இருந்தது.

"சேகர் மாணிக்கம்னு போட்டான்லம்மா, அவங்க கடைசிப் பேரைத்தான் எடுப்பாங்க. சேகர் வெறும் எஸ் ஆயிட்டான். எழுதிப் போட்டா மாத்துவாங்க" என்றாள் வசந்தி.

அப்பாவுக்கு வெட்கம். "மயிலாப்பூர்ல இஸ்திரி போட்டுக்கினு கீறேன். எனக்கு இன்னாத்துக்கும்மா ஜப்பான்ல பேரு? பையன் பேரைப் போடச் சொல்லு."

சொல்லிவிட்டு, அவள் காட்டிய வரியை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். திரும்பும்போது தன் பேர் ஜப்பான் வரை போயிருப்பதை பஸ் கண்டக்டரிடம்கூடச் சொல்லிவிட்டார். நீ போனதிலிருந்து அவர் தானாக யாரிடமும் பேசி நான் பார்க்கவில்லை.

மாற்ற வேண்டாம் என்று வசந்தியிடம் சொல்லலாமா என்று பார்க்கிறேன். ஆனால் உழைத்தது நீ.

அந்தப் பேரை அவரே வைத்துக்கொள்ளட்டுமாடா?