விருந்தாளிக்குக் கிணற்றுத் தண்ணீர்

எனக்கு எண்பத்தொரு வயது. பெற்றது நாலு, வளர்த்தது ஆறு. அத்தனை பேரும் மூட்டாத எரிச்சலை எங்கள் தெருப் பெண்கள் ஒரே வாரத்தில் மூட்டினார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதுகளில் நடந்தது. ஆம்பூர்ப் பக்கத்து எங்கள் தெருவுக்கு மெட்ராஸிலிருந்து ஒரு வக்கீல் பெண் வந்தாள். தோல் பதனிடும் ஷாப்புக் கழிவால் கிணறு கெட்டுப்போனால், எந்த ஷாப்பு கெடுத்தது என்று கிணற்றுக்காரன்தான் நிரூபிக்க வேண்டுமாம். அந்தச் சட்டத்தை எப்படி மாற்றலாம் என்று ஊர் ஊராய்க் கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள். சர்க்கார் அனுப்பி வந்தவள் இல்லை. முதலாளிகள் ரூமும் ஜீப்பும் தருகிறோம் என்றார்களாம். வேண்டாம் என்று பஸ்ஸில் வந்து இறங்கினாள். அது எனக்குப் பிடித்துப்போயிற்று. எங்கள் வீட்டிலேயே படுக்கச் சொன்னேன். சாப்பாட்டைத் தெருவே முறை போட்டுக்கொண்டது.

வினை அங்கேதான் வந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோறு மஞ்சளாகிவிடும். நாங்கள் அதைத்தான் குடித்தோம். விருந்தாளிக்கு அதைக் கொடுக்க யாருக்கு மனசு வரும்? ரயில்வே கேட்டைத் தாண்டிப் போய், நல்ல தண்ணீர் சுமந்து வந்து அவளுக்கு மட்டும் ஊற்றினார்கள். நானும் தடுக்கவில்லை. கிணறு எப்படி என்று அவள் கேட்டால், “ஏதோ இருக்குதும்மா, நீ சாப்புடு” என்று இன்னொரு கரண்டி குழம்பு.

கடைசியில் அவள் என்னிடமே சொன்னாள்: “தண்ணி நல்லாதானே இருக்கு? கிணறு கெட்டுப்போச்சுன்னு வெளியில கொஞ்சம் ஜாஸ்தியா சொல்றாங்களோன்னு தோணுது.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கிணற்றில் ஒரு வாளி இறைத்து, டம்ளரில் மொண்டு அவள் கையில் கொடுத்தேன்.

பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்தாள். “இன்னாக்கா, புத்தி கெட்டுப்போச்சா? வூட்டுக்கு வந்த பொண்ணுக்கு இதையா குடுப்பே?”

“அவ உன் கொழம்பு துன்னவாடி மெட்ராஸ்லேர்ந்து வந்தா? எல்லாருமா சேர்ந்து ஷாப்புக்காரனுக்கு சாட்சி சொல்லிக்கினு இருக்கீங்க!”

அந்தப் பெண் ஒரு வாய் குடித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சாக்கடைக்கு ஓடினாள். வாயைக் கழுவி வந்தவள், எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு முதல் வீட்டிலிருந்து மறுபடி கேட்கக் கிளம்பினாள். நானும் கூடவே போனேன். எந்த வீட்டில் சொம்பை நீட்டினாலும், “எந்தத் தண்ணி இது?” என்று நானே அதட்டிக் கேட்டேன். தெருவில் பாதிப் பேர் என்னோடு பேச்சை விட்டார்கள். விடட்டும். உள்ளது உள்ளபடி எழுதிக்கொண்டுதான் அவள் பஸ் ஏறினாள்.

சரி, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினவரைக்கும் படிச்சுக் காட்டு கண்ணு. யார் மனசும் நோகக் கூடாதுன்னு நடுவுல எதையாச்சும் மாத்தினியோ, தெரியும் சேதி.