பிரவுன் சீஸ் பாடம் என்னுடையது அல்ல

தவம் அண்ணன் இறந்துவிட்டார். நேற்று மாலை, ஆஸ்பத்திரியில்... காலையில் அவர் மகள் துர்க்கா போன் செய்து சொன்னாள்.

ஆஸ்லோ பக்கம் பியோர்ண்டாலில் இருந்தவர். யாழ்ப்பாணத்துக்காரர். ஆஸ்லோவில் வருஷக்கணக்காக பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனபிறகு, என்னைப் போலவே கொரியாவின் மிடில் ஸ்கூல் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தார்.

ஆமாம், திருச்சிக்காரி ஒருத்தியும் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரும் நார்வேயில் உட்கார்ந்துகொண்டு கொரியாவுக்கு இங்கிலீஷ். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள்.

நாங்களே சிரித்திருக்கிறோம். அவர் பேசுவதில் பாதி எனக்கு முதலில் புரியாது. நான் பேசுவதைக் கேட்டால் தனக்குப் படம் பார்ப்பதுபோல இருக்கிறது என்பார் அவர்.

அவரிடம் ஒரு விஷயத்தைச் சொல்லாமலே இரண்டு வருஷத்தை ஓட்டிவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு... கொஞ்சம் பொறுங்கள், தைரியம் வரட்டும்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம். வெள்ளிக்கிழமைதோறும் ஒவ்வொரு டீச்சரும் ஒரு லெசன் ஐடியாவைப் பொது ஃபோல்டரில் போட வேண்டும். அதனால் வியாழக்கிழமை நாங்கள் இருவரும் போனில் மண்டையை உடைத்துக்கொள்வோம்.

அண்ணனின் முதல் ஐடியா, "பஸ்ஸில் போவது". டிரைவர் அவர், பயணிகள் பிள்ளைகள். நாற்பது நிமிடமும் டிரைவர்தான் பேசினார்.

டைகர் என்று தனக்குத்தானே இங்கிலீஷ் பெயர் வைத்துக்கொண்ட ஒரு பையனை, டிக்கெட் இல்லை என்று பாதி வழியில் இறக்கிவிட்டார். நிஜமாகவே வகுப்பிலிருந்து ரிமூவ் செய்துவிட்டார்!

"ரூல்ஸ் எண்டா ரூல்ஸ்தானே தங்கச்சி," என்றார் என்னிடம். டைகரின் அம்மாவிடமிருந்து மெயில் வந்தது. பாவம், அடுத்த வாரம் டைகருக்கு இலவச டிக்கெட் கொடுத்தார்.

அந்தப் பிள்ளைகளைப் பேச வைப்பது லேசு இல்லை. பதினாலு வயசு. ஸ்கூல் முடித்து, ஒரு ட்யூஷன் முடித்து, அடுத்த ட்யூஷனாக எங்களிடம் வந்து உட்காருவார்கள். தப்பாகப் பேசினால் மற்றவர்கள் முன்னால் மானம் போய்விடும் என்று வாயே திறப்பதில்லை.

கேமராவையும் மேலே திருப்பி வைத்துவிடுவார்கள். மூன்று மாதம் அண்ணன் ஒன்பது வீட்டு சீலிங்கைப் பார்த்துத்தான் பாடம் நடத்தினார்.

ஒருநாள் ஐந்து நிமிட பிரேக். அண்ணன் வகுப்பு நடத்துவதே கிச்சன் மேசையில்தான். காலையில் சாப்பிடவில்லை. கேமரா ஆஃப் என்று நினைத்துக்கொண்டு ஒரு கொரிய நூடுல்ஸ் பாக்கெட்டைப் பிரித்தார்.

துண்டு துண்டாக நொறுக்கினார். பச்சைத் தண்ணீரில் போட்டார். வீட்டு மிளகாய்த்தூள் இரண்டு கரண்டி. பிறகு ஃபிரிட்ஜைத் திறந்து, இந்த ஊர்ப் பிரவுன் சீஸ்... அதுதான், அந்த இனிப்புச் சீஸ்... நாலு சீவல்.

முதல் "நோ!" டைகரிடமிருந்துதான் வந்ததாம். பிறகு ஒன்பது பேரும். ஸ்டாப் டீச்சர்! ஹாட் வாட்டர் ஃபர்ஸ்ட்! டோன்ட் பிரேக் இட்! ஒய் சீஸ்?! பிளீஸ் டீச்சர், பிளீஸ்!

ஒன்பது முகமும் ஸ்கிரீனில்.

"நான் பசியிலை சமைச்சனான் தங்கச்சி. அதுகள் கத்தின கத்திலை மனிசி மேலையிருந்து ஓடி வந்திட்டா, எனக்குத்தான் ஏதோ நடந்திட்டுது எண்டு." (மனிசி என்றால் அவர் மனைவி.)

அன்றிலிருந்து அவர் வேண்டுமென்றே தப்பாகச் சமைத்தார். பிள்ளைகள் இங்கிலீஷில் திருத்தினார்கள், திட்டினார்கள், கெஞ்சினார்கள்.

அண்ணனுக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே படவில்லை. "இதையெல்லாம் ஒரு பாடம் எண்டு போடேலுமோ? நான் போஸ்ட் ஒஃபிஸ் பாடம் போடப்போறன்," என்றார் ஒரு வியாழக்கிழமை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. எனக்கு ஒரு ஐடியாவும் வரவில்லை. காண்ட்ராக்ட் புதுப்பிக்கிற மாதம் வேறு. அவருடைய சமையலை என் பெயரில் போட்டுவிட்டேன்.

சொல்லிவிட்டேன். அப்பாடா... இல்லை, அப்பாடா எல்லாம் இல்லை. இன்னும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

கம்பெனிக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. எல்லா டீச்சர்களுக்கும் என்னையே ஆன்லைன் டிரெய்னிங் நடத்தச் சொன்னார்கள். உள்ளே வந்த முதல் ஆள் யார்? தவம் அண்ணன். டை கட்டிக்கொண்டு!

நான் அடுப்பை ஆன் செய்யாமலே பானையைக் கிளறினேன். அவர் கையைத் தூக்கினார். சீஸைத் தண்ணீர் கொதிக்கும் முன் போட வேண்டுமா, பின் போட வேண்டுமா என்று சுத்தமான இங்கிலீஷில் கேட்டார். முகத்தில் சிரிப்பே இல்லை.

பின்னால் போட வேண்டும் என்றேன். தாங்க் யூ மேடம் என்று குறித்துக்கொண்டார்.

மாலையில் அவரிடமிருந்து போன். இன்றோடு தொலைந்தேன் என்று நினைத்துக்கொண்டு எடுத்தேன்.

"நல்லாய்ச் செய்தனீங்கள் தங்கச்சி. ஆனா ஒண்டை விட்டிட்டியள். கடைசியிலை அதைச் சாப்பிடோணும். பிள்ளையள் அதைப் பாக்கத்தான் காத்துக்கொண்டு இருக்கிறவை."

அவ்வளவுதான். அந்தப் பாடம் யாருடையது என்று அவர் கேட்கவே இல்லை. நானும் சாரி சொல்லவில்லை. அடுத்த வியாழன் சொல்லலாம், அதற்கடுத்த வியாழன் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

இன்று காலை துர்க்காவிடமாவது சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன். அவள் முடிக்க விடவில்லை.

"நீங்கள்தானே அந்தச் சீஸ் பாடம் கண்டுபிடிச்ச அக்கா? அப்பா எங்கட சொந்தக்காரர் எல்லாருக்கும் சொல்லுவார், 'என்ரை ஃபிரெண்ட் கண்டுபிடிச்சது, இப்ப கொரியாவிலை அதைத்தான் படிக்கினம்' எண்டு. பேர்கனிலை இருக்கிற மாமா வந்தநேரம் சமைச்சும் காட்டினவர்."

போனை வைத்துவிட்டு நன்றாக அழுதேன்.

பிறகு ஃபோல்டரைத் திறந்தேன். அந்தப் பாடத்தில் என் பெயரை அழித்துவிட்டு அவர் பெயரை எழுதினேன். கம்பெனியில் கேட்டால் கேட்கட்டும்.

துர்க்கா, இதை பேர்கன் மாமாவுக்கு அனுப்பிவிடு. அது உன் அப்பாவின் பாடம்.

போய் வாருங்கள் அண்ணா... சாரி.