“அது நான் இல்லை” என்ற சாமி

நீங்கள் நம்ப வேண்டும் என்று இதை எழுதவில்லை. பேய், சாமி ஏறுவது எதையும் நான் நம்பியதில்லை. மலேசியாவில், பாசிர் கூடாங் தொழிற்சாலையில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறேன், கூட்டத்தில் பேசக் கூச்சப்படுகிறவன். உலு திராம் பக்கம் தோட்டத்து முனீஸ்வரன் கோயில் பூசைக்கு என் மனைவி சாந்திக்காகத்தான் போவேன், போனாலும் கடைசியில் நின்றுகொள்வேன்.

அன்று நல்ல மத்தியான வெயில். லாரி ஓட்டுகிற மணி அண்ணன் மீது சாமி வந்திருந்தது; எங்களுக்கு முதுகைக் காட்டியபடி அவர் அரிவாள் மேல் நின்றுகொண்டிருந்தார். உறுமி மேளச் சத்தம் காதைப் பிளந்தது. பக்கத்தில் நின்ற சாந்தி, “தலை வெடிக்குதுங்க” என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவள் வலது கையிலிருந்த பூசைத் தட்டு நழுவி விழுந்தது. வாய் ஒரு பக்கம் கோணிற்று. ஏதோ பேசினாள், ஒரு சொல்லும் புரியவில்லை.

அவள் தங்கை வள்ளி கைதட்டிக் கத்தினாள். “அக்காவுக்கு அருள் வந்திருச்சு! பாத்தீங்களா மாமா, சாமி இல்லன்னு சொல்ற உங்க வீட்டுக்கே வந்திருச்சு லா!”

எல்லோரும் சிரித்துக்கொண்டே கும்பிட்டார்கள். ஒருவர் எலுமிச்சம்பழம் எடுத்து வந்தார், ஒருவர் திருநீறு அள்ளினார். உறுமிக்காரர் இன்னும் வேகமாக அடித்தார். நானும் திகைத்து நின்றுவிட்டேன்.

அப்போதுதான் மணி அண்ணன் கையை உயர்த்தினார். உறுமி நின்றது. அவர் திரும்பவில்லை, சத்தியமாகத் திரும்பவே இல்லை.

“அது நான் இல்லடா. நான் இங்க நிக்கிறேன்.”

பிறகு தன் இடது காதுக்கு மேலே விரலை வைத்துக் காட்டினார். “இங்க ரத்தம் ஒழுகுது. திருநீறு வேணாம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கு!”

வள்ளியின் கணவர் காரை எடுத்தார், வள்ளி முன்னால் ஏறினாள். பின்சீட்டில் சாந்தியைக் கதவோடு சாய்த்து, அவளுக்கு இடப்பக்கம் நான் உட்கார்ந்து தாங்கிக்கொண்டேன். வழியெல்லாம் வாந்தி.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டினார். மூளையின் இடது பக்கத்தில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது, அதனால்தான் வலது கைகால் விழுந்து பேச்சும் போயிருக்கிறது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்றார். படத்தில் வெள்ளையாகத் தெரிந்த இடத்தை அவர் தொட்டுக் காட்டினார். மணி அண்ணன் விரல் வைத்த அதே இடம்.

மறுநாள் பார்க்க வந்த மணி அண்ணன், “நேத்து நான் என்னப்பா சொன்னேன்? எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல” என்று என்னையே கேட்டார்.

சாந்தி பிழைத்துவிட்டாள். பேச்சு மெல்ல மெல்லத் திரும்பியது. வலது கை மட்டும் மரத்தே கிடந்தது, டாக்டர் ஊசியால் குத்தியும் அவளுக்குத் தெரியவில்லை. ஒரு நாள் கஞ்சி ஊட்டும்போது கேட்டாள். “ஏங்க, அன்னைக்குக் கார்ல என் வலது கையைப் பிடிச்சிக்கிட்டே வந்தது யாரு? நல்லா சூடான கை. விடவே இல்ல.”

வலது பக்கம் சாத்திய கதவு மட்டும்தான் இருந்தது. நான் அடுத்த கரண்டிக் கஞ்சியை ஊட்டினேன்.

இன்றும் காரில் ஏறினால், அந்தக் கதவை ஒட்டிக் கொஞ்சம் இடம் விட்டுத்தான் உட்காருகிறாள்.